ஞாயிறு கணினி வகுப்பு: பெற்றோரும் படிக்கவும்

வணக்கம். வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக மாடியில் வகுப்பு ஆரம்பம். பிளஸ் டூ முடிச்சவங்க, காலேஜ் பசங்க யாரும் வரலாம். காசு கிடையாது.

போன வாரம் ஒரு தம்பி வேலைக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு வந்தார். ரீல்ஸ் எடிட் பண்றதுல கில்லாடி. ஆனா பயோடேட்டாவை பிடிஎஃப் ஆக்கத் தெரியல. மெயில்ல சப்ஜெக்ட் இடம் காலி. அவர் மேல தப்பு இல்ல, யாரும் சொல்லிக்கொடுக்கல.

அதனால முதல் நாலு வாரம் கணக்கு அட்டவணை போடுற எக்செல் மட்டும்தான். பைத்தான் மாதிரி புரோகிராமிங், ஏஐ எல்லாம் அப்புறம். மளிகைக் கடைப் பற்று வரவை வெச்சே கூட்டல், ஃபில்டர் (வேண்டிய வரிகளை மட்டும் பிரிச்சுக் காட்டுறது), பிவட் டேபிள் (பெரிய பட்டியலைச் சுருக்கிக் காட்டுற அட்டவணை) வரை போவோம். எக்செல் இல்லாதவங்க லிப்ரே ஆபீஸ்ங்கிற மென்பொருளை இலவசமா இறக்கிக்கலாம். அதில் எக்செல் மாதிரியே வர்ற கால்க் போதும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்துல அதுக்குத் தமிழ்லயே பாடம் இருக்கு. முதல் ரெண்டைப் பார்த்துட்டு வாங்க.

டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் வேலை மேல கண் இருக்கறவங்களுக்கு ஆபீஸ் ஆட்டோமேஷன்ங்கிற கணினிப் படிப்புச் சான்றிதழும் வேணும். அவங்க தமிழ் எழுத்துலயே தட்டச்சு பண்ற தமிழ்99 விசைப்பலகையை இப்பவே பழகுங்க. தமிழை ஆங்கில எழுத்துல அடிக்கிற தங்கிலீஷ் பழக்கம் அங்க உதவாது.

2022-ல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்துல கோர்ஸ் எடுத்துப் பாதியில விட்டவங்க லாகின் விவரத்தோட வரணும். (யாருன்னு எனக்குத் தெரியும்!)

லேப்டாப் நாலுதான் இருக்கு. சொந்தமா வெச்சிருக்கவங்க சார்ஜரோட கொண்டுவாங்க. பேரை வெள்ளிக்குள்ள எனக்குத் தனியா அனுப்புங்க. அதுவரைக்கும் குட் மார்னிங் படம் போட்டு இதை மேலே தள்ளிடாதீங்க, ப்ளீஸ்.