ஒத்தடமும் ஒற்றனும்

அன்புள்ள சேகருக்கு,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரமாச்சு, உடனே எழுத முடியல. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி ராத்திரி பூரா ஒத்தடம்தான். கல்லுப்பை வாணலில வறுத்து பழைய வேட்டித் துணியில முடிஞ்சு, கை பொறுக்குற சூட்டுல வச்சு எடுத்து வச்சு எடுத்து உக்காந்திருக்கும்போதுதான் உன் பேத்தி கேட்டது ஞாபகம் வந்துச்சு, உளவு பாக்குறவனுக்கு ஒற்றன்னு ஏன் பேர் வந்துச்சுன்னு.

அது இந்த ஒத்தடம்தான்டா! ஒற்றுறதுன்னா மெல்லத் தொட்டு அழுத்துறது. ஒற்றடம் பேச்சுல ஒத்தடமாச்சு, சாமி பூவை கண்ணுல ஒத்திக்கிறதும் அதான். உளவு பாக்குறதுக்கும் அதே வினைதான். தொடுறது எப்படி வேவு பாக்குறதாச்சு? எனக்குத் தோணுறதைச் சொல்றேன். நாம மைப்பேனாவுல எழுதி முடிச்சதும் ஈர மையை உறிஞ்சுற பிளாட்டிங் பேப்பர் வச்சு ஒத்துவோமே, எழுதினது அப்படியே இருக்கும் ஆனா அந்தப் பேப்பர்லயும் எழுத்து இடவலமா மாறி ஏறியிருக்கும், கண்ணாடில காட்டினா படிச்சுடலாம். ஒற்றனும் அப்படித்தான், பக்கத்துல போய் ஒட்டி நின்னு, அங்க ஒண்ணும் கலையாம அவங்க சேதியத் தன் மேல வாங்கிட்டு வர்றவன்.

தொல்காப்பியத்துல, எதிரியோட மாட்டு மந்தையக் கவர்றதப் பத்திச் சொல்ற வெட்சித் திணையில ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ன்னு வருது பாரு. ஆநிரை கவரப் போறவங்க முதல்ல ஆளனுப்பி, மாடு எங்க நிக்குது காவலுக்கு யாரு யாருன்னு எதிரிக்குத் தெரியாம பாத்துட்டு வரச் சொல்றது. அந்த வேய்தான் நம்ம வேவு. ஒற்றும் வேவும் ஒரே அடியில கெடக்கு, எனக்கு அதப் பாத்ததும் அவ்வளவு சந்தோஷம்.

குறள்ல 59வது அதிகாரமே ஒற்றாடல். 588ல,

‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்’

ஒரு ஒற்றன் கொண்டு வந்ததை இன்னொரு ஒற்றன விட்டு சரிபாருங்கறார். அடுத்த குறள்ல இன்னும் ஒரு படி மேல போய், ஒருத்தன ஒருத்தன் அறியாம மூணு பேர் சொல்றது ஒத்துப்போனா நம்புங்கறார். நாட்டையே ஆளுற ராஜாவுக்கு இந்த நிதானம் வேணும்னா நமக்கு எவ்வளவு வேணும். போன வருஷம் எங்க தெருவுல ஒருத்தர் ஜன்னல் வழியா எதையோ பாத்துட்டு அரைகுறையா போய்ச் சொல்லி ஒரு பொண்ணு கல்யாணமே நின்னு போச்சுடா, மாப்பிள்ளை வீட்டுல ரெண்டாவதா ஒரு ஆள்கிட்ட விசாரிக்கக்கூட இல்ல. அந்தப் புள்ள முகத்தப் பாக்க முடியல எனக்கு.

பேத்திகிட்ட இத சொல்லு, பிளாட்டிங் பேப்பர் கிடைச்சா செஞ்சும் காட்டு. மெய்யெழுத்தையும் ஏன் ஒற்றுங்கறோம்னு கேட்டான்னா அடுத்த லெட்டர்ல எழுதுறேன். அம்மா கூப்பிடுறாங்க, உப்பு ஆறிடுச்சாம்.

அன்புடன்,
மணி