பாதாளக் கரண்டியும் விண்கலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபர் 13 அன்று டெக்சாஸில், மேலே போய்த் திரும்பி இறங்கிய 71 மீட்டர் உயர ராக்கெட் அடுக்கை ஏவுதளக் கோபுரமே இரண்டு இரும்புக் கைகளால் பிடித்ததைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் மேலே போய்த் திரும்பும் பொருளைத் தரையில் விழவிடாமல் பிடிப்பது வரலாற்றில் இதுவே முதல் முறை என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். குடியாத்தத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். தவறான வரியைக் கண்டால் சிவப்பு மை தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

விண்வெளியிலிருந்து வந்த கலத்தை அந்தரத்திலேயே பிடித்தது 1960 ஆகஸ்ட் 19 அன்று, ஹவாய்த் தீவுகளுக்கு அருகே. அமெரிக்காவின் செயற்கைக்கோள் அது, டிஸ்கவரர் 14 என்று பெயர். ஊருக்குச் சொன்னது அறிவியல் ஆய்வு. உள்ளே இருந்ததோ சோவியத் நாட்டை வேவு பார்த்து எடுத்த ஃபிலிம் சுருள். அன்றைய நிலையில் தெளிவான படம் வேண்டுமென்றால் ஃபிலிமையே பூமிக்கு இறக்கியாக வேண்டும். சி-119 என்ற சரக்கு விமானம் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கழிகளுக்கு நடுவே கொக்கிகள் கோத்த கயிற்றைத் தொங்கவிட்டபடி, இறங்கி வரும் பாராசூட்டின் தலைக்கு மேலே உரசுவதுபோல் பறந்தது. முதல் முறை தவறியது. இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாவது முறை, சுமார் 2.5 கிலோமீட்டர் உயரத்தில், பாராசூட் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பிறகு கயிற்றைச் சுருட்டிக் கலத்தை விமானத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் யூ-2 உளவு விமானங்கள் பல தடவை பறந்து எடுத்த மொத்தப் படங்களைவிட அந்த ஒரே சுருளில் அதிக நிலப்பரப்பு பதிவாகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கிணறு வைத்திருந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுந்து குடம் உள்ளே போய்விட்டால் பாதாளக் கரண்டியைத் தேடி ஓடுவோம். இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொத்தாகத் தொங்கும் கொக்கிகள். தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். எங்கள் தெருவில் அது எங்கள் வீட்டில் இருந்தது. இரவல் கேட்டு வருபவர் ஒரு சொம்பையாவது ஈடு வைத்தால்தான் அம்மா கரண்டியை எடுத்துத் தருவார். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கயிற்றை மெல்லச் சுழற்ற வேண்டும். கொக்கி குடத்தின் கழுத்தில் பட்டதும் கைக்கு ஒரு 'நறநற' வரும். அந்த நொடியில் அவசரப்பட்டு இழுத்தால் போச்சு.

விமானத்தின் கொக்கிக்குத் தப்பினால்? அதற்கும் யோசித்து வைத்திருந்தார்கள். கலம் கடலில் மிதக்கும், கப்பல் போய் எடுக்கலாம். ஆனால் அதில் உப்பாலான ஓர் அடைப்பான் உண்டு. இரண்டு நாளுக்குள் யாரும் எடுக்காவிட்டால் உப்பு கரைந்து, தண்ணீர் புகுந்து, கலம் மூழ்கிவிடும். எதிரி கையில் சிக்கக் கூடாதே!

பிடிக்கப் போய்க் கோட்டைவிட்ட கதையும் உண்டு. சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8 அன்று ஜெனிசிஸ் கலம் யூட்டா பாலைவனத்துக்குத் திரும்பியது. உள்ளே இருந்த தகடுகள் மெல்லியவை, தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்காது. அதனால் ஹெலிகாப்டரால் கொக்கி போட்டுப் பிடிக்கத் திட்டம். சினிமாவில் சாகசம் செய்யும் விமானிகளே தயாராகக் காத்திருந்தார்கள். பாராசூட் திறக்கவே இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கலம் மண்ணில் செருகியது. வேகம் குறைவதை உணர்ந்து பாராசூட்டுக்குக் கட்டளை தரவேண்டிய சிறு உணர்விகள் வடிவமைப்பிலேயே தலைகீழாக வைக்கப்பட்டிருந்தன. சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டிவிட்டு, மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லையே என்று அரைநாள் மின்வாரியத்தைத் திட்டியவன் நான். அவர்களாவது உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஆய்வை முடித்தார்கள்.

மனிதர்கள் உள்ளே இருந்தால் விளையாட்டல்ல. 1976 அக்டோபரில் சோவியத் நாட்டின் சோயுஸ் 23 விண்கலம் இரண்டு வீரர்களோடு கஜகஸ்தானில் பனி உறைந்த தெங்கிஸ் ஏரியில் விழுந்தது. இருட்டு, பனிப்புயல். ஹெலிகாப்டரால் தூக்க முடியவில்லை. கயிறு கட்டித் தரதரவென்று கரைக்கு இழுத்தார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். 2007 ஜனவரி 22 அன்று, 12 நாள் பூமியைச் சுற்றிய நம் 550 கிலோ எஸ்ஆர்இ-1 என்ற ஆளில்லாச் சோதனைக் கலம் வங்கக் கடலில் இறங்கி, மிதந்து, பத்திரமாக மீட்கப்பட்டது. 2023 அக்டோபர் 21 அன்று மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் ஆளில்லாச் சோதனைக் கலம் கடலில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தபோதும் கடற்படையினர் மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் நெருப்பு கிளம்பும் படத்தை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். கடலில் குதித்துக் கயிறு கட்டியவர்களுக்கு உள்பக்கத்தில் நாலு வரி. நாளை அப்படியொரு கலத்துக்குள் நம் ஆட்கள் இருப்பார்கள். அப்போது தங்கள் செய்தியாளர் ஒருவரையாவது மீட்புக் கப்பல் பக்கம் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

ஞாயிறு கட்டுரைக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். கிணறு தூர்ந்து பல வருடம் ஆனாலும் கரண்டி எங்கள் பரணில் இருக்கிறது. படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்புகிறேன். ஈடாகச் சொம்பு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.