ஸ்கோர் நோட்டு

கன்னங்குறிச்சி, சேலம்
ஞாயிறு காலை

அன்புள்ள சின்னராசு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. கையெழுத்து மட்டும் மாறவே இல்லையடா, சேற்றில் கொக்கு நடந்த மாதிரி அப்படியே இருக்கிறது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. தலைக்குக் குளிக்க அவசரப்படாதே.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. குண்டு மாம்பழம் கடைக்கு வந்திருக்கிறது, ஆனால் கல் வைத்துப் பழுத்ததோ என்று பயந்து இன்னும் வாங்கவில்லை. முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விஷயம் எழுதி, பாதியில் விட்டுவிட்டாய். பாராலிம்பிக்ஸ் இறகுப்பந்தில் வெண்கலம் வாங்கிய உங்கள் ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவன் பற்றிப் பேச்சு வந்தபோது, "கை கால் சரியில்லாதவங்க ஆட்டந்தானே மாமா, அதுக்குப் போய் கோடிக்கணக்குல பணமா?" என்று உன் மருமகன் கேட்டாராம். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. பதிலே சொல்லியிருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அதனால் நான் எழுதுகிறேன். அவரிடம் இதைப் படித்துக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

போன வாரம் பேரன் லேப்டாப்பில் ஒரு ஆட்டம் போட்டுக் காட்டினான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்ஸ், இறகுப்பந்து பெண்கள் ஒற்றையர் அரையிறுதி. எஸ்.யு.5 என்று ஒரு பிரிவு, கையில் குறை உள்ளவர்களுக்கானது. கோர்ட்டில் எந்தச் சலுகையும் கிடையாது, முழு அளவுதான். நெட்டுக்கு இந்தப் பக்கம் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன். அந்தப் பக்கம் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். ஒரே பஸ்ஸில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற இரண்டு ஊர். மோதிக்கொண்டது பாரிஸில்.

முதல் செட் 23-21. இருபதுக்கு இருபது வந்து, அதையும் தாண்டிப் போய்த்தான் துளசிமதிக்குக் கிடைத்தது. அடுத்த செட் 21-17. நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொண்டே பார்க்கிற ஆட்டத்துக்கு இந்தக் கூத்து!

இரண்டாம் தடவை பார்த்தபோது ஸ்கோரை விட்டுவிட்டு நிற்கிற விதத்தைப் பார்த்தேன். மனிஷாவுக்குப் பிரசவத்தின்போதே வலது தோளில் நரம்பு இழுபட்டுப் போனது, அதனால் ஆடுவது இடது கையால். துளசிமதிக்குப் பிறவியிலேயே இடது கைக் கட்டைவிரல் சரியில்லை, பிறகு ஒரு விபத்தில் அந்தக் கை இன்னும் முடங்கியது. ஆடுவது வலது கையால். எதிரெதிரே நிற்கும்போது இரண்டு மட்டையும் அரங்கத்தின் ஒரே பக்கத்தில் இருக்கிறது. வராத கைகள் இரண்டும் மறுபக்கத்தில். கண்ணாடிக்கு முன்னால் ஆடுகிற மாதிரி.

மட்டை பிடிக்காத கைக்கு ஷட்டிலில் என்ன வேலை என்று உன் மருமகன் கேட்கலாம். நானும் பி.டி. வாத்தியாராக இருந்த காலத்தில் அதைச் சரியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. தலைக்கு மேல் வருகிற இறகுப்பந்தை அடிக்கும்போது அந்தக் கைதான் முதலில் மேலே போகும், பந்தைச் சுட்டிக் காட்டுகிற மாதிரி. பிறகு அது கீழே இறங்குகிற வேகத்தில்தான் இடுப்பு திரும்பும், மட்டைக் கை முன்னால் பாயும். துலாவில் ஒரு முனை இறங்கினால்தானே மறுமுனை ஏறும்? இவர்களுக்கு அந்த முனை பாதிதான் வேலை செய்கிறது. மீதியை இடுப்பும் பாதமும் ஈடுகட்ட வேண்டும். பின்னால் போய் ஒரு ஸ்மாஷ் அடித்துவிட்டுத் தடுமாறாமல் நெட்டுக்குத் திரும்புவது எனக்கு இரண்டு கையும் நன்றாக இருந்த வயசிலேயே வந்ததில்லை.

இறுதி ஆட்டத்தில் துளசிமதி தோற்றார், சீனாவின் யாங் சியூஷியாவிடம் 17-21, 10-21. அதே யாங்கை முந்தின வருஷம், 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டு இறுதியில் ஜெயித்துத் தங்கம் வாங்கியவர்தான். ஆட்டம் என்றால் அப்படித்தான். மனிஷா டென்மார்க்காரி ஒருவரை 21-12, 21-8 என்று சுருட்டி வெண்கலம் வாங்கினார். உங்கள் நித்யஸ்ரீ, உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவில், இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று ஜெயித்து வெண்கலம். பாராலிம்பிக்ஸில் இறகுப்பந்து சேர்ந்ததே டோக்கியோவில்தான். அங்கே இந்தியாவுக்கு நான்கு பதக்கம், நான்கும் ஆண்கள். பாரிஸில் பெண்கள் வாங்கிய மூன்றும் தமிழ்நாட்டுக்கு வந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டாரே, துளசிமதிக்கு 2 கோடி, மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒரு கோடி மாநில அரசு கொடுத்தது. கிரிக்கெட்காரர்கள் வாங்குவதை அவர் கணக்குப் பார்த்தாரா என்று கேள்.

துளசிமதி நமக்கு அவ்வளவு தூரத்து ஆளும் இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த பெண். மாட்டுக்கு ஊசி போடப் படித்துக்கொண்டே ஹைதராபாத் போய்ப் பயிற்சி எடுத்திருக்கிறார். முதல் வாத்தியார் அப்பா முருகேசன்தான். மகளைச் சின்ன வயசிலேயே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்தது. நீ.

மிளகு பறிக்கிற சீசனில் ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து நீ விழுந்தபோது நமக்கு வயது பத்து. அடிவாரத்து வைத்தியர் ஒருவர் போட்ட கட்டை அவிழ்த்தபோது, இடது முழங்கை மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பூப்பந்து டீமில் உனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஸ்கோர் நோட்டு. கோட்டுக்கு வெளியே கல்லின் மேல் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் நனைத்து நனைத்துக் கோடு போடுவாய். மூடுபனி இறங்கி மஞ்சள் கம்பளிப் பந்து ஊறிக் கனத்துப் போகும்போது, அதைப் பிழிந்து சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித் தருவதும் நீதான். போட்டிக்காகச் சேலம் போகையில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் ஐந்து பேரும் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுப்போம். நீ ஒருத்தன் மட்டும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வருவாய்.

ஆனால் எல்லோரும் போன பிறகு, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் கயிறு கட்டி, நாம் இரண்டு பேர் மட்டும் ஆடுவோமே, அதில் பத்துக்கு ஏழு ஆட்டம் ஜெயித்தவன் நீ. அப்போது பூப்பந்தில் ஒரு ஆட்டத்துக்கு 29 பாயிண்ட். இருபத்தெட்டில் நான் நின்றால் உனக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வந்தால் நான் தோற்றேன் என்று அர்த்தம்.

கேப்டன் நான்தான். "சார், சின்னராசு நல்லா ஆடுவான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லிவிடுகிறேன். உன்னைச் சேர்த்தால் வெளியே போக வேண்டியவன் என் சித்தப்பா மகன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக இருந்திருந்தாலாவது சொல்வதற்குக் கூச்சமில்லாமல் இருந்திருக்கும்.

அதோடு விட்டேனா? வாத்தியாராகி 32 வருஷம். போலியோ கால், வளைந்த கை என்று எந்தப் பிள்ளை வந்தாலும் கூப்பிட்டு ஸ்கோர் நோட்டைக் கொடுத்துவிடுவேன். அன்பாகத்தான் கொடுத்தேன். "நீ வெயில்ல நிக்காதேப்பா" என்று நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். அவர்களில் யார் பத்துக்கு ஏழு ஜெயிக்கிறவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? மட்டையைக் கொடுத்துப் பார்த்தால்தானே?

இதே மாவட்டத்தில் ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியில் ஒரு பையன் இருந்தான். ஐந்து வயசில் வலது காலில் பஸ் ஏறி நசுங்கியது. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒருவர் அவனைப் பார்த்து, தாண்டு என்றார். அவன்தான் மாரியப்பன். பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ரியோ சமயத்தில் எங்கள் பள்ளியில் நானே பட்டாசு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாத்தியாரும் நானும் ஒரே படிப்பு, ஒரே சம்பளம்.

சரி, இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் காலி மனையில் சாயங்காலம் நெட் கட்டிப் பிள்ளைகள் ஷட்டில் ஆடுகிறார்கள். நான் போய் உட்காருவேன். அங்கே கொலுசுப் பட்டறைக்காரர் மகள் ஒருத்தி வருவாள், பதினொரு வயசு. மனிஷாவுக்கு மாதிரியே வலது கை, பிறக்கும்போது இழுபட்டது. தோளுக்கு மேல் போகாது. பள்ளியில் யாரோ ஒரு வாத்தியார் அவள் கையிலும் நோட்டைக் கொடுத்திருக்கிறார், என்னைப் போல ஒருவர். நான் மட்டையைக் கொடுத்தேன். இடது கையால் அடிக்கிறாள். அடி என்றால் அடி. முந்தாநாள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போன இறகுப்பந்து இரண்டு.

சிக்கல் சர்வீஸில். பந்தைப் பிடித்து நிதானமாக விட வேண்டிய கை அந்த வலது கை. விரல்களுக்குப் பிடி இருக்கிறது, ஆனால் கையை முன்னால் நீட்ட முடியவில்லை. உடம்போடு ஒட்டி விடுகிறாள், மட்டை இடுப்பில் இடிக்கிறது. தோளைச் சாய்த்து விடச் சொன்னால் பந்து கோணலாக விழுகிறது. சர்வீஸில் பந்தை அடிக்கும்போது அது தரையிலிருந்து 1.15 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி.  சுவரில் கரியால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். தினமும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று நூறு தடவை போடுகிறாள். எழுபது நெட்டில் விழுகிறது. எரிச்சலில் நேற்று மட்டையைத் தூக்கிப் போட்டாள். நான் திட்டவில்லை, எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

எனக்கு வருவதெல்லாம் இரண்டு கை உள்ளவன் போடுகிற சர்வீஸ். நீ மடங்கின கையோடு எப்படிப் பந்தை விட்டாய் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முன்னால் சாய்ந்து விட்டாயா, ஒரு கால் எடுத்து வைத்து விட்டாயா, நெஞ்சுக்கு நேரேயா, இடுப்புக்குப் பக்கத்திலா? அத்தனை சாயங்காலம் எதிரில் நின்று பார்த்தவன், உன் முகத்தையும் அந்தச் சிரிப்பையும்தான் பார்த்திருக்கிறேன், கையைப் பார்க்கவில்லை. நீ எழுது. கண் தெளிந்ததும் முதல் வேலையாக எழுது. படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது, உன் கொக்குக் காலில் வரைந்தாலும் பரவாயில்லை.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரப் பார். வரமுடியாவிட்டாலும் சர்வீஸ் விஷயத்தைத் தள்ளிப்போடாதே, அந்தப் பெண் தினமும் வந்து "தாத்தா, லெட்டர் வந்துச்சா?" என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் கோபால்