கருந்துளைக்குள் போட்டாலும் கணக்குத் தீராது

ஆசிரியருக்கு,

கடந்த வார விஞ்ஞானப் பக்கத்தில் வந்த கருந்துளைக் கட்டுரையை எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். சந்தோஷம். ஆனால் உள்ளே விழும் பொருளோடு அதன் எந்திரப்பியும், அதாவது ஒழுங்கின்மையின் அளவும், ஒழிந்துபோகும் என்ற வரியை அப்படியே விட முடியவில்லை. “அப்ப இரண்டாம் விதி பொய்யா சேர்?” என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். மொத்த எந்திரப்பி ஒருபோதும் குறையாது என்பதுதான் வெப்பவியக்கவியலின் அந்த இரண்டாம் விதி.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலாளர் ஜோன் வீலர் தன் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனைச் சீண்டியதும் இதை வைத்துத்தான். அதுவும் தேத்தண்ணியை வைத்து. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்காது. சூடான கோப்பையை ஆறிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தால் வெப்பம் பரவி எந்திரப்பி கூடுகிறது. சரி, இரண்டையும் தூக்கிக் கருந்துளைக்குள் போட்டுவிட்டால் குற்றத்தின் தடயம் அழிந்துவிடாதா?

அழியாது என்றார் பெக்கன்ஸ்டைன். கோப்பைகள் விழுந்ததும் கருந்துளையின் திணிவு கூடும். அதோடு அதன் நிகழ்வெல்லையின், அதாவது தாண்டி உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லையின், பரப்பளவும் கூடும். எந்திரப்பி இருப்பது அந்தப் பரப்பளவின் கணக்கில். கனவளவு அல்ல, பரப்பளவு! பிள்ளைகள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். ஸ்டீபன் ஹோக்கிங்கும் முதலில் ஏற்கவில்லை. எந்திரப்பி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் கதிர்வீச வேண்டும், கருந்துளை எங்கே வீசுகிறது என்பது அவர் வாதம். 1974இல் அவரே கணக்குப் போட்டு, வீசத்தான் செய்கிறது என்று அறிவித்தார். சூரியனின் திணிவுள்ள கருந்துளையின் ஆரை வெறும் 3 கிலோமீற்றர். அதன் எந்திரப்பியோ சூரியனுடையதைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல். ஒழிந்துபோவதாவது!

விரிவடையும் பிரபஞ்சத்தைக் கட்டுரை தொடவே இல்லை. விரிவு வேகமெடுக்கிறது என்பது 1998இல் தெரியவந்தது. அதனால் நம்மைச் சுற்றியும், ஏறக்குறைய 1600 கோடி ஒளியாண்டுத் தூரத்தில், ஒரு நிகழ்வெல்லை உண்டு. அதற்கப்பால் இன்று புறப்படும் ஒளி எத்தனை காலம் காத்திருந்தாலும் இங்கே வந்து சேராது. இத்தகைய எல்லைக்கும் வெப்பநிலையும் எந்திரப்பியும் உண்டென்று 1977இல் பௌதிகவியலாளர் கிப்பன்சும் ஹோக்கிங்கும் காட்டினார்கள். ஒரு வித்தியாசம்: இந்த எல்லை பார்ப்பவரைப் பொறுத்தது. ஹட்டனில் நிற்பவருக்கு ஒன்று, பண்டாரவளையில் நிற்பவருக்கு இன்னொன்று. இடைவெளி அற்பம்தான், ஆனாலும் வேறு வேறு.

கட்டுரையாளரிடம் இதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டொரு சூத்திரம் வந்தாலும் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. பாடப்புத்தகத்துக்கு வெளியே பல பிள்ளைகள் படிப்பது உங்கள் பக்கத்தைத்தான்.

பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.