ஊரடங்கு ஆணை எழுதும்போது ஓரறை வீட்டையும் கணக்கில் கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்
ஒரே காம்பவுண்டில் ஒண்டிக்குடித்தனம் இருக்கும் 12 குடும்பத்தார் சார்பில்,
மின்கட்டணக் கணக்கு எழுதும் தையல்காரப் பெண்.

பெறுநர்
பேரிடர் மேலாண்மைப் பொறுப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: பெருந்தொற்றுக் கால ஊரடங்கு விதிகளைத் திருத்தி எழுதும்போது, பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் உள்ள வீடுகளின் நிலையைக் கருத்தில் கொள்ளக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. 2023 மே 5 அன்று சர்வதேச அவசரநிலை முடிந்தது என்றது. எல்லாம் முடிந்து இத்தனை காலம் கழித்து மனுவா என்று தாங்கள் கேட்கலாம். ஊரடங்கு நடந்தபோது மனு வாங்க அலுவலகம் திறந்திருக்கவில்லை. திறந்த பிறகு எங்களுக்குக் கடன் அடைக்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது 2025 மே மாதம் உலக நாடுகள் கூடி, அடுத்த பெருந்தொற்றை எதிர்கொள்ள ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நாடுகளே முன்கூட்டி உட்கார்ந்து பேசும்போது நாங்களும் பேசலாம் என்று துணிந்தோம்.

ஊரடங்கே தப்பு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நோய்க்கு மருந்தும் தடுப்பூசியும் இல்லாத நேரத்தில் ஆளுக்கு ஆள் விலகி இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது எங்களுக்கும் புரிந்தது. எங்கள் குறை வேறு. வந்த ஆணைகளை நான் ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். திரும்பப் படிக்கும்போதெல்லாம், எழுதியவர் மனதில் ஒரு வீடு இருந்தது தெரிகிறது. அந்த வீட்டில் தனியறை உண்டு, உள்ளேயே குழாய் உண்டு, குளிர்சாதனப் பெட்டி உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. நல்ல வீடுதான். நாங்கள் இருப்பது அந்த வீட்டில் அல்ல.

எங்கள் காம்பவுண்டில் 12 வீடுகள், 51 பேர். வீடு ஒவ்வொன்றும் ஓர் அறை. கழிப்பறை 2, குழாய் 1. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். 15 லிட்டர் குடம் நிரம்ப 2 நிமிடம் ஆகும். ஆக ஒரு மணி நேரத்தில் 30 குடம், 450 லிட்டர். 51 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 9 லிட்டர்கூட முழுதாக வராது. மீதிக்குத் தெருமுனைக் கைப்பம்புதான். ஊரடங்கில் அங்கே போனால் வெளியே சுற்றியதாகக் கணக்கு. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு குடத்தோடு போய், ஒரு குடத்தோடும் முழங்காலில் காயத்தோடும் திரும்பி வந்தான்.

சோப்பு போட்டு 20 நொடி கை கழுவச் சொன்னார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. கிருமியின் மேலிருக்கும் கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும் என்று சொன்ன பிறகு சின்னப் பிள்ளைகள்கூட ஆர்வமாகக் கழுவினார்கள். ஆனால் குவளையில் மொண்டு ஊற்றினால் ஒரு தடவைக்கு அரை லிட்டர். நாளைக்கு 10 தடவை என்றால் 5 லிட்டர். ஒன்பதில் ஐந்து கைக்கே போய்விட்டால் மற்றதற்கு என்ன செய்வது? பேரிடர் முகாம்களுக்கு ‘ஸ்பியர்’ என்ற உலக அளவிலான நெறிமுறை இருக்கிறது. அதன்படி ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் நாங்கள், வீடிழந்து முகாமில் இருப்பவருக்கு வகுத்த அளவுக்கும் கீழே இருக்கிறோம். (இந்த மனுவில் வரும் வெளி விவரங்களைத் தேடிக் கொடுத்தவள் எங்கள் காம்பவுண்டில் முதுகலை படிக்கும் பெண். கூட்டிக் கழித்தது மட்டும் நான்.)

முதல் வாரம் குழாயடியில் ஆட்கள் நிற்கச் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். இடம் போதவில்லை. மூன்றாம் நாள் வட்டத்தில் குடங்களை நிறுத்திவிட்டு ஆட்கள் வீட்டு வாசலிலேயே நின்றோம். முறை வரும்போது மட்டும் ஒருவர் வந்து பிடித்துப் போவது. அதற்கு முன் இத்தனை வருடத்தில் குழாயடியில் சண்டை இல்லாத நாள் கிடையாது. அந்த இரண்டு மாதம் ஒரு சண்டைகூட இல்லை. கழிப்பறைச் சுவரில் கரியால் நேர அட்டவணை எழுதினோம். அது நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. வயிறு அட்டவணை பார்ப்பதில்லை, அதுவும் 70 வயதுக்கு மேல்.

ஆகவே முதல் கோரிக்கை தண்ணீர். ஊரடங்கு அறிவிக்கும் அன்றே, பொதுக் குழாயை நம்பியிருக்கும் இடங்களுக்குத் தண்ணீர் விடும் நேரத்தைக் காலை, மாலை என இரண்டு வேளையாக்க வேண்டும். வீடு அடங்கினால் தண்ணீர்ச் செலவு கூடும். வேலைக்கும் பள்ளிக்கும் போன இடத்தில் கழிந்த பொழுதெல்லாம் வீட்டிலேயே கழிகிறது. கைப்பம்புக்குப் போவது அத்தியாவசியப் பயணம் என்று ஆணையில் ஒரு வரி எழுதினால் போதும்.

அடுத்தது, எங்கள் காம்பவுண்டுக்கு நோய் வந்த கதை. ஆறாவது வாரம், ஆறாம் வீட்டுக்காரருக்குத் தொற்று உறுதியானது. தனியறை, தனிக் கழிப்பறையோடு 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று தாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் வீட்டில் ஐந்து பேர், ஓர் அறை. அன்று இரவு வாசல்வெளியில் விலகி விலகி உட்கார்ந்து பேசினோம். மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டி, கட்டில் ஏற்றி, அவரை அங்கே படுக்க வைத்தோம். இரண்டில் ஒரு கழிப்பறையை அவருக்கே ஒதுக்கிவிட்டு மற்ற 50 பேரும் ஒன்றைப் பயன்படுத்தினோம். சாப்பாட்டுத் தூக்கு கயிற்றில் ஏறும், இறங்கும். இரண்டு மழை பெய்தது. அவர் பிழைத்தார். அவர் மனைவி இன்றும் அந்தக் கயிற்றில்தான் துணி காயப்போடுகிறார்.

மறுநாள் காலை காம்பவுண்டு வாசலை அடைத்தார்கள். அதுவும் நியாயம். ஆனால் அடைத்தவர்கள் சாமான் யார் கொண்டுவருவார் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் வந்தது, நாங்கள் உள்ளேதான் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க. இங்கிலாந்தில் ஈம் என்றொரு கிராமம் 1665, 1666ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் வந்தபோது, நோய் சுற்றுவட்டாரத்துக்குப் பரவக் கூடாது என்று தன் எல்லையைத் தானே அடைத்துக்கொண்டதாம். வெளியூரார் எல்லைக் கல்லருகே உணவும் மருந்தும் வைத்துவிட்டுப் போவார்களாம். உள்ளே இருப்பவர்கள் வினிகரில் நனைத்த காசைக் கல்லின் குழியில் விட்டு வைப்பார்களாம். மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, அடைபட்டவருக்குச் சோறு எந்த வழியில் வரும் என்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. எங்கள் வாசலில் அடித்த தடுப்பில் ஒரு கல் அளவுக்குக்கூட வழி வைக்கவில்லை.

ஒரு வாசலை அடைக்கும் ஆணையில், சாமான் கொண்டுவரும் பொறுப்பாளர் இன்னார், இந்த நேரத்துக்கு வருவார், வராவிட்டால் அழைக்க வேண்டிய எண் இது என்ற மூன்றையும் எழுதாமல் தடுப்பு அடிக்கக் கூடாது. ஓரறை வீட்டு நோயாளிக்கு, அவர் விரும்பினால், தங்கும் இடம் ஒன்றைப் பக்கத்திலேயே முன்கூட்டிக் குறித்து வைக்க வேண்டும். மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடம் ஒன்று போதும்.

கடை நேரம் பற்றி ஒரு கணக்கு மட்டும். 12 மணி நேரம் நடந்த வியாபாரத்தை 3 மணி நேரத்துக்குள் சுருக்கினால், வாங்குகிறவர் குறைவதில்லை. ஒரே நேரத்தில் நிற்கிறவர் நான்கு மடங்காகிறார். நேரத்தைக் குறைக்கக் குறைக்கக் கூட்டம் கெட்டிப்படுகிறது. கடையை நாள் முழுக்கத் திறந்து, தெருவாரியாக முறை வைத்தால் வரிசை மெலியும். குழாயடியில் குடத்தை வைத்து நாங்கள் கண்டுகொண்ட பாடம் இது.

எவை அத்தியாவசியம் என்ற பட்டியல் பற்றித் தையல்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் துணிக் கவசம் மூன்று அடுக்காக இருக்க வேண்டும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, வெளியே நனையாத துணி என்றெல்லாம் விவரமாகச் சொன்னது. தைக்க நான் தயார். ஆனால் நூலும் எலாஸ்டிக்கும் ஊசியும் விற்கும் கடை அத்தியாவசியம் அல்ல என்று பூட்டியிருந்தது. பழைய பாவாடை நாடாவை உருவித்தான் முதல் அறுபது கவசத்துக்குக் காதுப்பட்டி வைத்தேன். அதேபோல, கைபேசி பழுது பார்ப்பவரும் அடுப்பு சரி செய்பவரும் மூக்குக்கண்ணாடி கடைக்காரரும் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணாடி உடைந்த கிழவருக்கு இரண்டு மாதம் மாத்திரை அட்டையில் இருப்பதை நான் படித்துச் சொன்னேன். வாரம் ஒரு நாளாவது இக்கடைகள் முறை வைத்துத் திறக்க அனுமதிக்க வேண்டுகிறோம்.

மாத்திரை என்றதும் இன்சுலின் நினைவுக்கு வருகிறது. திறக்காத குப்பியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும்; எங்களில் யாரிடமும் பெட்டி இல்லை. பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியில் குப்பியை வைத்து, மூன்றாம் வீட்டுப் பாட்டி தினமும் மணலை நனைத்துக் காத்தார். அதைவிடப் பெரிய சங்கடம், ஒரு குப்பிக்கு ஒரு தடவை வெளியே போக வேண்டியிருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் மருந்துகளை இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க ஆணையிட வேண்டும். காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாக மாறலாம். ஒரு தொற்றுக்குப் பயந்து இன்னொன்றை வளர்க்க வேண்டாம்.

பிள்ளைகள் படிப்பு. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. எங்கள் காம்பவுண்டில் 14 பேர். வீடியோ வகுப்பு ஓடக்கூடிய கைபேசி நான்கு. அவற்றில் இரண்டு, துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகும் பெற்றோரோடு காலையில் கிளம்பிவிடும். ஆகவே காலை வகுப்பின் பாடம் எங்களுக்கு இரவு 9 மணிக்குத்தான் நடந்தது; ஒரு கைபேசியைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, ஏழு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, ஆறாம் வகுப்புக்காரனும் மூன்றாம் வகுப்புப் பாடத்தையே கேட்டான். வருகைப் பதிவில் எல்லோருக்கும் விடுப்பு விழுந்தது. அச்சிட்ட பாடத்தாள்களை வாரம் ஒரு முறை வீடு தேடி அனுப்புங்கள்.

பணம் பற்றி நீட்ட விரும்பவில்லை. நோட்டைப் பார்த்தால் போதும்: முதல் வாரம் கையிருப்பு, இரண்டாம் வாரம் கைமாற்று, நான்காம் வாரம் அடகு, ஏழாம் வாரம் எடைக்குப் போட்ட தையல் எந்திரத்தின் பழைய மோட்டார். தினக்கூலிக்காரருக்கு உதவித்தொகை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது அடகு வைத்த பிறகு வந்தது. இரவில் அறிவித்து விடிந்ததும் கதவடைக்கும் வழக்கம் இருக்கும் வரை எந்த உதவியும் தாமதமாகத்தான் வரும். குறைந்தது மூன்று நாள் அவகாசமும் முதல் தவணைப் பணமும் ஊரடங்குக்கு முன்னால் வர வேண்டும். வாடகை பாக்கிக்காக ஊரடங்கில் யாரையும் வெளியேற்றக் கூடாது என்ற வாய்மொழி வேண்டுகோளை எழுத்தாணையாக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 12 வீட்டில் எந்த வீடு என்று எழுத மாட்டேன். ஓர் அறையில் அடிக்கிறவரும் அடிபடுகிறவரும் 24 மணி நேரமும் ஒன்றாக இருந்தார்கள். உதவி எண் இருந்தது. கேட்கும் தூரத்தில் அவரும் இருந்தார். 2020 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரஸ் வீடுகளுக்குள்ளும் அமைதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டது இப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் அந்த மார்ச்சிலேயே, மருந்துக்கடையில் போய் ‘முகக்கவசம் 19’ வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால் கடைக்காரர் உதவிக்கு ஆள் அழைப்பார் என்று ஏற்பாடு செய்தார்கள். ஊரடங்கில் ஒரு பெண் தனியாகப் போகக்கூடிய இடம் மருந்துக்கடை ஒன்றுதான். இங்கும் அப்படி ஒரு சொல்லை ஏற்படுத்தித் தர வேண்டும். அதைப் பெண்களிடம் எப்படிச் சேர்ப்பது என்று கவலைப்பட வேண்டாம், குழாயடி இருக்கிறது.

தாங்கள் நேரில் வந்து பார்த்தால் நல்லது. காலை 5.30 மணிக்கு வந்தால் தண்ணீர் வரும் நேரம், 12 வீட்டாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆணைகள் ஒட்டிய கணக்கு நோட்டை எடுத்து வைக்கிறேன். அலுவலகத்துக்கு நாங்கள் வர வேண்டுமானால் ஞாயிறு தவிர எந்த நாளும் வேலையை விட்டுத்தான் வர வேண்டும். இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
12 குடும்பத்தார்
(கையெழுத்து 9, கைநாட்டு 3)

இணைப்பு: கணக்கு நோட்டின் 22 பக்கங்கள், நகல்.