உன் பக்கத்து ஊர் மருத்துவர்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மா அனுப்பிய பருப்புப்பொடியும் வற்றலும் வந்து சேர்ந்தனவா என்று எழுது.

நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் உனக்கு வேலை என்றதும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கிருந்து தெற்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிப் பூடெல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இத்தனை காலம் அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்தக் கட்டை உலகத்துக்குக் கொடுத்த அந்தோனியுஸ் மத்தைசன் 1805-இல் பிறந்தது அந்த ஊரில்தான்.

ஊர் மருத்துவரின் மகன். பிரஸ்ஸல்ஸ், மாஸ்ட்ரிக்ட், உத்ரெக்ட் ராணுவ மருத்துவமனைகளில் தொழில் கற்றார். 1837-இல் ஜெர்மனியின் கீசெனில் முனைவர் பட்டம் வாங்கினார். பெரிய பதவிகள் அவரைத் தேடி வரவில்லை. பட்டாளத்து மருத்துவராகவே காலம் போயிற்று. 1851-இல் ஹார்லெமில் பணியிலிருந்தபோதுதான் இந்தக் கட்டு அவர் கையில் உருவானது. மறு ஆண்டு அதைச் சிறு நூலாக அச்சிட்டார்.

மாவுக்கட்டின் மாவான ஜிப்சத்தை எலும்புமுறிவுக்குப் பயன்படுத்திய முதல் ஆள் அவர் இல்லை. உடைந்த காலைப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் ஜிப்சக் குழம்பை ஊற்றும் வழக்கம் முன்பே இருந்தது. ஆளைக் கட்டிலோடு சேர்த்து நட்டுவைத்ததுபோல ஆகிவிடும். பெல்ஜியத்தில் லூயி சோத்தேன் கஞ்சிப்பசையில் ஊறிய துணியைச் சுற்றினார். அது நோயாளியை எழுந்து நடமாட விட்டது, நல்ல காரியம். ஆனால் காய்வதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். போர்க்களத்தில் அடிபட்டவனை உடனே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். கட்டு காயும்வரை எதிரி காத்திருப்பானா?

மத்தைசன் முரட்டுப் பருத்தித் துணியில் உலர்ந்த ஜிப்சப் பொடியைத் தேய்த்து வைத்துக்கொண்டார். தேவைப்படும்போது நனைத்துச் சுற்றினால் போதும், சில நிமிடங்களில் இறுகிவிடும். பொடியாக்கச் சுட்டபோது இழந்த நீரை ஜிப்சம் திரும்பக் குடித்துக் கெட்டியாகிறது. அப்போது சூடும் கிளம்பும். ‘ஐயோ, உள்ளே கொதிக்கிறதே’ என்று பதறிய நோயாளிகளுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி அமர்த்துவேன்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, நல்ல கட்டுக்கு அவர் வகுத்த நிபந்தனைகள். சட்டென்று போட முடிய வேண்டும், விரைவில் இறுக வேண்டும், மருத்துவர் புண்ணைப் பார்க்க வழி இருக்க வேண்டும், உறுப்பின் வடிவுக்குப் பொருந்த வேண்டும், சீழும் ஈரமும் அதைக் கெடுக்கக் கூடாது. கனமும் கூடாது, விலையும் கூடாது. விலையைப் பற்றி எழுதினார் பார், அங்கேதான் பட்டாளத்துக்காரர் தெரிகிறார். ஈரம் விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐப்பசி மழையில் நனைந்து கூழாகிப்போன கட்டோடு எத்தனை பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்!

எங்களிடம் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்கள் சிலர் ரஷ்ய அறுவை மருத்துவர் பிரோகோவைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். சிற்பியின் பட்டறையில் ஜிப்சத்தைப் பார்த்து யோசனை பிறந்து, கிரிமியப் போரில் ஏராளமான வீரர்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் போருக்குப் போனது 1854-இல். மத்தைசனின் நூல் வந்தது 1852-இல். அதோடு, பொடியை முன்கூட்டியே துணியில் ஏற்றி வைப்பது மத்தைசன் வழி. உறையைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டு, குமிழி அடங்கியதும் பிழிந்து நான் சுற்றிய ஒவ்வொரு சுருளும் அந்த வழியில் வந்ததுதான். விரல் நுனி பட்டால் பள்ளம் விழுந்து உள்ளே தோல் புண்ணாகும் என்பதால் உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். இது நீ சிறுமியாக இருந்தபோதே உனக்குத் தெரியும், உன் பொம்மைகளே சாட்சி.

1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அவருடைய கட்டு இடம்பெற்றது. இரண்டு ஆண்டு கழித்து, பூடெலுக்கு எல்லை தாண்டிய அண்டை ஊரான ஹாமொன்டில் இறந்தார். பூடெலில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்து, படம் எடுத்து அனுப்பு. சைக்கிளில் போவதாக இருந்தால் பனி உறையும் மாதங்களில் வேண்டாம். வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டால் அங்கே ஃபைபர் கட்டுதான் போடுவார்கள். லேசானது, தண்ணீருக்கு அசையாது, எல்லாம் சரி. ஆனால் மாவுக்கட்டுப்போல அது கைக்கு அடங்கி வராது.

அன்புடன்,
அப்பா