தாடிக்காரர் மன்னிக்கட்டும்

டேய் சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டு. முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் 22 வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஓட்டிய கார் மரத்தில் மோதியிருக்கிறது. சிடி ஸ்கேன் எடுத்தால், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் கிழிசல், அதே பழைய இடத்தில். கண் டாக்டராகித் தப்பித்தவன் நீ, மறந்திருப்பாய்: இடது கைக்குப் போகும் கிளைக்குச் சற்றுக் கீழே. தமனியின் வளைவு நெஞ்சுக்குள் ஆடும், அதற்குக் கீழே முதுகோடு ஒட்டி நிற்கும். கருவில் திறந்திருந்த குழாய் நாராகிப்போய் அங்கேதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. வண்டி சட்டென்று நின்றால் பிய்வது அந்த இடம்தான். இவனுக்கு உள்ளுறையும் நடுவுறையும் போய், வெளியுறை மட்டும் உப்பிக்கொண்டு ரத்தத்தைத் தாங்கி நின்றது. மூன்றாம் நிலை. இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நம் கைக்கு வந்து சேர்வதே இல்லை.

நம் பழைய வாத்தியார் தாடிக்காரராக இருந்தால் அன்றிரவே நெஞ்சைத் திறந்திருப்பார். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தலையிலும் ரத்தக்கசிவு. மூளைக்காரர் பிரஷரை 110க்குக் கீழே விடாதே என்கிறார். 120ஐத் தாண்டினால் என் தமனி கிழியும் என்கிறேன் நான். அந்தப் பத்துக்குள் இரண்டு இரவு! பிரஷரையும் துடிப்பையும் இறக்கும் எஸ்மோலால் சொட்டுமருந்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக மானிட்டர் முன்னாலேயே கிடந்தேன். நிறுத்திய சில நிமிடங்களில் வேகம் அடங்கிவிடும் மருந்து என்பதால்தான் அந்தத் துணிச்சல். பையன் வலியில் முனகினாலே எண் ஏறும், என் பிரஷரும் கூடவே ஏறும்.

மூன்றாம் நாள், கசிவு கூடவில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததும், தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்டை, அதான் துணி போர்த்திய கம்பிவலைக் குழாயை, ஏற்றி உள்ளிருந்தே அடைத்தோம். தலையை நினைத்து, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரினையும் குறைத்தே கொடுத்தோம். விலா எலும்புக்கு நடுவே கத்தி படவில்லை, தமனியைக் கவ்வி நிறுத்தவில்லை, தண்டுவடத்துக்கு ரத்தம் போகாமல் கால் விழுந்துவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்து யாரும் கத்தவில்லை. கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஒரு கவலை மட்டும் போகமாட்டேன் என்கிறது. வயது ஏற ஏறத் தமனி அகலமாகும், உள்ளே வைத்த குழாய் அகலாது. வருடக்கணக்கில் ஸ்கேனுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். நன்றாக ஓடியாடுகிற பையன் எத்தனை வருடம் வருவான்?

அந்த லாரி டிரைவர் ஞாபகம் இருக்கிறாரா? நாம் கவ்வியை எடுத்த மறுநாள், கால் அசைகிறதா என்று கேட்டபோது சிரித்தாரே. எனக்கு இரண்டு நாளும் அந்தச் சிரிப்புதான். பையன் கண் விழித்ததும் முதல் வேலையாக, "கட்டைவிரலை அசை" என்றேன். அசைத்துவிட்டு, "எதுக்கு சார்?" என்றான்.

நீ எழுது.

உன்,
மொட்டை